வண்ணாரப்பேட்டை பேனரில் இருப்பது என் படம்தான், ஆனால் எனக்கு வேலை கிடைக்கவில்லை

போன வாரம் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ்ஸில் போனேன். சுலோசன முதலியார் பாலம் தாண்டி வண்ணாரப்பேட்டையில் பஸ் நின்றபோது, நான் படித்த கம்ப்யூட்டர் பயிற்சி சென்டரின் பேனரில் என் முகம் தெரிந்தது. மேலே "சைபர் செக்யூரிட்டி துறையில் பணியில் சேர்ந்த எங்கள் மாணவர்கள்" என்று போட்டிருந்தது. நான் எந்த வேலையிலும் சேரவில்லை. சான்றிதழ் கொடுத்த அன்று எடுத்த படத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். இத்தனை நாள் வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் இருந்தேன். என் படத்தைப் பார்த்து இன்னொரு வீட்டில் பணம் கட்டிவிடக் கூடாது என்று இப்போது எழுதுகிறேன்.

எனக்கு ஊர் முக்கூடல். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். அந்தச் சமயத்தில் பேங்கிலிருந்து பேசுவதாக அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. அம்மா ஓ.டி.பி.யைச் சொல்லிவிட, பீடி சுற்றிச் சேர்த்த 9,000 ரூபாய் போய்விட்டது. இதையெல்லாம் தடுக்கிற வேலைக்குத்தான் போக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

விசாரித்துக்கொண்டு அந்த சென்டருக்குப் போனேன். கவுன்சிலர் அக்கா ரொம்ப அன்பாகப் பேசினார். "தம்பி, ஆறு மாசம். எத்திக்கல் ஹேக்கிங், அதாவது அனுமதியோட சிஸ்டத்துல ஓட்டை தேடுறது, இன்டர்நேஷனல் சர்டிபிகேட், நூறு சதவீதம் பிளேஸ்மென்ட். இன்னைக்கே கட்டுனா 85,000தான்." வீட்டில் சொன்னபோது அம்மா பீடித்தட்டை மடியில் வைத்தபடியே கேட்டார்: "எல, இத படிச்சா வேல நிச்சயமா கெடச்சிருமால?" நான் தலையாட்டினேன். கம்மல் அடகுக்குப் போனது.

அங்கே முப்பது பேருக்குப் பதினான்கு கம்ப்யூட்டர்கள். நெட்வொர்க்கிங் இரண்டே நாளில் முடிந்தது. லினக்ஸ் "நீங்களே பாத்துக்கோங்க" என்று பி.டி.எஃப். ஆக வந்தது. மூன்றாம் மாதம் சார் மெட்டாஸ்ப்ளாய்ட் என்ற ஹேக்கிங் கருவியைத் திறந்து நான்கைந்து வரி அடித்தார். எதிரே ஒரு விண்டோஸ் எக்ஸ்பி மெஷின் அவர் கைக்குள் வந்துவிட்டது. எல்லாரும் கைதட்டினோம். அவர் நுழைந்தது எம்.எஸ்.08-067 என்ற ஓட்டை வழியாக. மைக்ரோசாஃப்ட் அதை 2008 அக்டோபரிலேயே அடைத்துவிட்டது, எக்ஸ்பிக்கு ஆதரவையே 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்னொரு நாள், ஏதோ ஒரு காலேஜ் வெப்சைட்டில் இன்ஜெக்ஷன் (படிவத்தில் கட்டளைகளை நுழைத்து உள்ளே புகப் பார்ப்பது) போட்டுப் பார்க்கச் சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அனுமதி இல்லாமல் அடுத்தவர் சிஸ்டத்தில் கைவைத்து வழக்கானால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 66ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இதைச் சொல்லித்தராமல் ஹேக்கிங் சொல்லித்தருவது எவ்வளவு பெரிய தப்பு!

இன்டர்நேஷனல் சர்டிபிகேட் என்று கொடுத்தது அவர்களே அச்சடித்தது. உண்மையான சி.இ.எச். (சர்டிஃபைட் எத்திக்கல் ஹேக்கர்) தேர்வை நடத்துவது இ.சி.-கவுன்சில் என்ற அமைப்பு. நான்கு மணி நேரம், 125 கேள்விகள், அதற்குத் தனிக் கட்டணம். பெயரை மட்டும் அதுபோலவே வைத்திருக்கிறார்கள்.

பிளேஸ்மென்ட் என்று வந்ததெல்லாம் கால் சென்டர் விலாசங்கள். நானே விண்ணப்பித்து, சென்னையில் ஒரு எஸ்.ஓ.சி. அனலிஸ்ட் (கம்ப்யூட்டர்களில் வரும் எச்சரிக்கைகளைக் கண்காணிப்பவர்) வேலைக்கு இன்டர்வியூ போனேன். அங்கே ஒருவர் பேப்பரில் எழுதிக் காட்டிக் கேட்டார்: "ஒரே ஐ.பி.யிலிருந்து அஞ்சு நிமிஷத்துல இருநூறு தடவை 4625 வருது. கடைசியா ஒரு 4624. என்ன நடந்திருக்கு?" எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இவை விண்டோஸ் பதிவு செய்யும் நிகழ்வு எண்கள்: 4625 என்றால் லாகின் தோல்வி, 4624 என்றால் லாகின் ஆகிவிட்டது. இருநூறு முறை பாஸ்வேர்டை அடித்துப் பார்த்த ஒருவன் உள்ளே போய்விட்டிருக்கலாம், உடனே அந்தக் கணக்கை விசாரிக்க வேண்டும். ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட எனக்கு இப்படிப்பட்ட ஒரு லாகை (நிகழ்வுப் பதிவை) திறந்து காட்டியதில்லை.

செக்யூரிட்டி என்றால் ஹேக்கிங் மட்டும் இல்லை என்பதையும் அங்கே யாரும் சொல்லவில்லை. இரவு ஷிப்டில் உட்கார்ந்து எச்சரிக்கைகளைப் பார்ப்பது ஒரு வேலை. அனுமதி வாங்கி ஓட்டை தேடி அறிக்கை எழுதுவது வேறு. ஐ.எஸ்.ஓ. 27001 மாதிரி தகவல் பாதுகாப்புத் தர ஆவணங்களை வைத்துக்கொண்டு ஆடிட் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள், தடயவியல் பக்கம் போகிறவர்களும் இருக்கிறார்கள். பொறுமையாக உட்கார்ந்து படிக்கிற ஆள் நான். எனக்கு முதலாவதுதான் சரிப்படும் என்று இப்போது தெரிகிறது. சேரும்போது அந்த ஒரு கேள்வியையாவது கேட்டிருக்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதில் பயிற்சிக் கட்டணம் என்று இல்லை, "பயிற்சிக் கையேடு" என்றுதான் இருக்கிறது, தர முடியாது என்றுவிட்டார்கள். அதனால் கட்டுவதற்கு முன் ரசீதில் என்ன எழுதுவார்கள் என்று கேளுங்கள். பிளேஸ்மென்ட் வாக்குறுதியை எழுத்தில் கேளுங்கள். தேர்வுக் கட்டணம் சேர்த்தா என்று கேளுங்கள். போன வருடம் வேலைக்குப் போன இரண்டு பேரிடம் நேரில் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. நானும் அதில் புகார் கொடுத்திருக்கிறேன்.

இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டு ராத்திரி படிக்கிறேன். காலி (Kali) லினக்ஸ் என்ற செக்யூரிட்டி ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்கில் போவதைப் பார்க்கும் வயர்ஷார்க், போர்ட்ஸ்விகரின் வெப் செக்யூரிட்டி அகாடமி என்ற ஆன்லைன் பயிற்சி எல்லாம் இலவசம். ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் என்.பி.டி.இ.எல். ஆன்லைன் பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம்.

பேனரை எடுக்கச் சொல்லி இரண்டு முறை நேரில் போய்விட்டேன். இன்னும் எடுக்கவில்லை. இடமிருந்து மூன்றாவதாக, நீலச் சட்டையில் இருப்பது நான். பாளையங்கோட்டைப் பக்கம் யாராவது அதைப் பார்த்துவிட்டுச் சேரப் போனால், இந்தப் பதிவைக் காட்டுங்கள்.