பாரிஸ் செவிலித்தாய் அலுவலகம் (1769–1876): வசூலில் கெட்டி, கண்காணிப்பில் ஓட்டை

பாரிஸில் செவிலித்தாய் (கூலிக்குப் பிறர் பிள்ளைக்குப் பாலூட்டுபவள்) பிடித்துத் தரும் தரகுப் பெண்களுக்கு 1350லேயே அரசாணை வந்துவிட்டது. 1715இல் நான்கு அலுவலகங்கள். 1769இல் எல்லாம் ஒன்றானது. இங்கே அலசுவது அந்த ஒன்றை.

காகித வேலையில் குறை சொல்ல முடியாது. செவிலியாக வரும் கிராமத்துப் பெண் பங்குத் தந்தையிடம் சான்றிதழ் வாங்கி வர வேண்டும்: வயது, கணவன் தொழில், கடைசிப் பிள்ளையின் வயது, அது உயிரோடு இருக்கிறதா என்பது வரை. ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகளை ஏற்கக் கூடாது. மாதக் கூலியை அலுவலகமே முன்கூட்டிக் கொடுத்துவிட்டு, தகப்பனிடம் வசூலித்தது. பாக்கி வைத்தவர்கள் சிறைக்கே போனார்கள்.

கோளாறு பாலில்தான். பால் கெட்டியா, நீர்த்ததா என்று அறிய நகத்தில் ஒரு சொட்டு விட்டு, சாய்த்துப் பார்க்கும் பழைய சோதனை வெறும் சடங்கு. முதலில் சுரப்பது நீர்த்திருக்கும், கடைசியில் வருவதில்தான் கொழுப்பு அதிகம். எப்போது பிழிந்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரே பெண்ணின் பால் தேறும், தோற்கும். எவ்வளவு சுரக்கிறது என்பதை எந்தச் சொட்டும் காட்டாது. போதவில்லையென்றால் மாவுக் கஞ்சி. கஞ்சியில் வயிறு நிறைந்த பிள்ளை குறைவாக உறிஞ்சும். உறிஞ்சல் குறைய, சுரப்பும் வற்றும். பிறகு பேதி.

பணக்காரருக்கு இந்தச் சேவை தேவையே இல்லை. செவிலியை வீட்டிலேயே வைத்து, நல்ல சாப்பாடு போட்டு, கண்ணெதிரே பால் கொடுக்க வைத்தார்கள். காவல்துறைத் தலைவர் லெனுவார் 1780இல் தந்த கணக்கு: ஆண்டுக்குச் சுமார் 21,000 பிறப்புகள், தாயே பாலூட்டியது 1,000, வீட்டுச் செவிலி ஊட்டியது 1,000. மிச்சமெல்லாம் வெளியே. கடையில் கணவனோடு நாள் முழுக்க நின்ற கைவினைஞர் மனைவிகளே இங்கு முக்கிய வாடிக்கையாளர்கள். பிறந்து சில நாளே ஆன பிள்ளை தரகரின் வண்டியில் குலுங்கிக்கொண்டு போகும். குளிர்காலப் பயணம் ஆபத்தானது. அதன் பிறகு செவிலியின் கிராமத்தில் நடப்பது பெற்றவளுக்குத் தெரியாது.

மேகநோய் (சிஃபிலிஸ்) இரு பக்கமும் தொற்றியது: பிள்ளையிடமிருந்து செவிலிக்கு, செவிலியிடமிருந்து பிள்ளைக்கு. 1780இல் பாரிஸை ஒட்டிய வோஜிராரில் திறந்த மருத்துவமனையில் பாலூட்டுபவளுக்குப் பாதரசம் கொடுத்து, பால் வழியே பிள்ளைக்கும் மருந்து சேரும் என்று நம்பினார்கள். நம்மைக் கேட்டால், இருவருக்கும் நஞ்சு.

செவிலியின் சொந்தப் பிள்ளை எந்தக் கட்டண விவரத்திலும் வராது. அதற்கு மாட்டுப்பால், கஞ்சி. அந்தச் சொந்தப் பிள்ளைக்கு ஏழு மாதம் ஆகியிருக்க வேண்டும், இல்லையேல் வேறொருத்தி அதற்குப் பாலூட்ட வேண்டும் என்று 1874 டிசம்பரில், செவிலியிடம் வளரும் பிள்ளைகளைக் காக்க வந்த ரூசெல் சட்டம் நிபந்தனை போட்டது. அலுவலகம் மூடியது 1876இல்.