அலாரமா, பயிற்சியா, மூளை விளையாட்டா?

வாஷிங் மெஷின் நின்று மூன்று மணி நேரம் ஆகிறது. துணி உள்ளேயே கிடக்கிறது. போட்டவரைக் கேட்டால், "தெரியும், காயப்போடணும்" என்பார். தெரியும்தான், எழுந்திருக்கத்தான் முடியவில்லை. பக்கவாதம், தலைக்காயம், ஏடிஹெச்டி எனும் கவனக்குறைவுக் கோளாறு என்று காரணம் வேறுபடலாம். திட்டமிட்டு, தொடங்கி, தடம் மாறாமல் முடிக்கும் திறன் அடிவாங்கியிருக்கிறது. மருத்துவர்கள் அதை எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்பார்கள். மற்றவர்கள் சோம்பேறித்தனம் என்பார்கள்.

இதற்கான வழிகளில் அதிகம் விளம்பரமாவது கணினி மூளை விளையாட்டு. அதில் மதிப்பெண் ஏறும், மெஷினில் துணி அப்படியே இருக்கும். பயிற்சி செய்த விளையாட்டில் வரும் தேர்ச்சி அன்றாட வேலைக்கு அவ்வளவாகக் கடப்பதில்லை. மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில் லூமோசிட்டி என்ற மூளை விளையாட்டு நிறுவனம் 2016இல் அமெரிக்காவில் 20 லட்சம் டாலர் கட்டியது. என் பட்டியலில் இது கடைசி.

முதலிடம் வெளித்துணைக்கு: அலாரம், சுவர்ப்பட்டியல், நினைவூட்டும் செய்தி. 2001இல் பிரிட்டனில் உளவியலாளர் பார்பரா வில்சனின் குழு, மூளைப் பாதிப்புள்ள 143 பேருக்கு, நினைவூட்டும் செய்தியைக் காட்டும் பேஜர் என்ற சிறு கருவியைக் கொடுத்துப் பார்த்தது. ஆய்வை முடித்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோர் அன்றாட வேலைகளை முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். பேஜரைத் திரும்ப வாங்கிய பிறகும் பலரிடம் அந்தப் பழக்கம் ஓரளவு நின்றது.

அடுத்தது இலக்கு மேலாண்மைப் பயிற்சி. தானாக ஓடும் கையையும் மனத்தையும் நிறுத்தி, "இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன்?" என்று கேட்கப் பழக்குகிறார்கள். பிறகு வேலையைத் துண்டுகளாக்கி, நடுநடுவே சரிபார்க்க வைக்கிறார்கள். அலாரம் அடிக்காத இடத்திலும் கைகொடுப்பது இதுதான். ஆனால் பல வாரம் பிடிக்கும். தனக்குக் குறை இருப்பதே தெரியாதவரிடம் இது எடுபடுவது கடினம்; மூளை அடிபட்டவர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய.

ஏடிஹெச்டி என்றால் கணக்கே வேறு. அங்கே மெத்தில்ஃபெனிடேட் போன்ற மாத்திரைகளுக்குச் சான்று வலுவாக இருக்கிறது. மாத்திரை கவனத்தைக் கூட்டும், நாட்குறிப்பு எழுதக் கற்றுத்தராது. அதற்குத்தான் எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசிப் பழகி மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. மாத்திரை எடுத்தும் தொல்லை குறையாத 86 பெரியவர்களிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், தளர்வுப் பயிற்சியைவிட இது நல்ல பலன் தந்தது.

அலாரம் வைப்பவர்களுக்கு ஒன்று. வெறும் மணி ஒலித்தால் கை தானாக அணைத்துவிடும், எதற்கு ஒலித்தது என்பதும் மறந்துவிடும். "துணியை எடுத்துக் காயப்போடு" என்று திரையில் வரட்டும். ஃபோனை மெஷின் மேலேயே வைத்துவிட்டால், அணைக்கவாவது எழுந்து போகத்தான் வேண்டும்.