டாக்ரோலிமஸா, சைக்ளோஸ்போரினா, எவரோலிமஸா?

கல்லீரல் மாற்று அறுவை முடிந்த புதிதில் எல்லோருக்கும் ஒரே பயம்தான்: உடல் புதுக் கல்லீரலை நிராகரித்துவிடுமோ? ஐந்தாறு வருடம் போனால் கவலை சிறுநீரகத்துக்கு மாறிவிடும். நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகளை ஒப்பிடும்போது இந்த இரண்டாவது கவலைக்குத்தான் நான் அதிக மதிப்பெண் வைத்திருக்கிறேன்.

சைக்ளோஸ்போரின் நார்வே மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்தது. டாக்ரோலிமஸ் ஜப்பானின் சுகுபா மண்ணில் இருந்த பாக்டீரியாவிலிருந்து. நிராகரிப்பை நடத்தும் வெள்ளணுக்களான டி செல்களுக்குள் இரண்டும் முடக்குவது கால்சினியூரின் என்ற ஒரே நொதியை. ஆனாலும் பலன் ஒன்றல்ல. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 606 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள், மறுபடி மாற்று அறுவை தேவைப்பட்டவர்கள், நிராகரிப்பால் மருந்து பலிக்காமல் போனவர்கள் எல்லோரையும் சேர்த்தால் டாக்ரோலிமஸில் 21 சதவீதம், சைக்ளோஸ்போரினில் 32. சைக்ளோஸ்போரினில் ஈறு தடிக்கும், முகத்தில் முடி வளரும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் அது பின்தங்கியதில் வியப்பில்லை. டாக்ரோலிமஸ் மட்டும் சாதுவா? கை நடுங்கும், சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் அதில்தான் அதிகம்.

சரி, சிறுநீரகம்? இரண்டுமே அதைப் பதம் பார்க்கும். 2003இல் வந்த அமெரிக்கக் கணக்குப்படி, கல்லீரல் மாற்றியவர்களில் ஐந்து ஆண்டுகளில் சுமார் 18 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு.

எவரோலிமஸ் நுழைவது இங்கேதான். அதைச் சேர்த்தால் டாக்ரோலிமஸைக் குறைக்கலாம். சிறுநீரகம் கொஞ்சம் மூச்சு விடும். ஆனால் முதல் 30 நாளில் கொடுப்பதில்லை. அதன் உறவான சிரோலிமஸை அறுவை முடிந்ததும் கொடுத்தபோது கல்லீரல் தமனியில் ரத்தம் உறைந்த அனுபவம் உண்டு. காயமும் மெதுவாகத்தான் ஆறும். வாய்ப்புண், கொலஸ்ட்ரால் தொல்லை வேறு. கல்லீரல் புற்றுநோய் திரும்புவதைத் தடுக்கும் என்று சிரோலிமஸ் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. 525 பேரிடம் நடந்த ஆய்வில் அந்தப் பலன் நீண்ட காலம் நிற்கவில்லை.

இன்னொரு மருந்தான மைக்கோஃபீனோலேட் சிறுநீரகத்தைத் தொடாது. ஆனால் தனியாக நிற்கும் வலு போதாது, துணைக்குத்தான். வயிற்றுப்போக்கு வரும், வெள்ளணுக்கள் குறையும். குழந்தை பெற நினைப்பவர்களுக்கு அது ஆகவே ஆகாது. அவர்களுக்குப் பழைய அசாதயோப்ரின்தான் கைகொடுக்கிறது.

என் ஓட்டு, குறைந்த அளவு டாக்ரோலிமஸோடு ஒரு துணை மருந்துக்கு. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் கூடும் கழிவு) ஏறும்வரை காத்திருக்காமல், அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள். அப்புறம், பப்ளிமாஸ் பழம் வேண்டாம். ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை அது ஏற்றிவிடும்.