ஹெப்பாரினா, வார்ஃபரினா, புது மாத்திரையா?

மூன்றையும் ‘பிளட் தின்னர்’ என்றே சொல்கிறோம். ஆனால் எதுவும் ரத்தத்தை நீர்க்க வைப்பதில்லை. பிளாஸ்மாவில் இருக்கும் உறைதல் புரதங்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்பிக்கொண்டே போகும். இவற்றைக் ‘காரணி’ என்று எண் போட்டுச் சொல்வார்கள். காரணி 10 எழுந்தால் திராம்பின் பிறக்கும். திராம்பின், கரைந்து கிடக்கும் ஃபைப்ரினோஜனை வெட்டி ஃபைப்ரின் நூலாக்கும். அந்த நூல்தான் ரத்தக்கட்டின் வலை. எந்த மருந்து இந்த வரிசையில் எங்கே கை வைக்கிறது என்று பார்த்தாலே, யாருக்கு எது என்பது பாதி புரிந்துவிடும்.

ஹெப்பாரின் தானாக எதையும் தடுக்காது. நம் ரத்தத்திலேயே ஆன்டித்திராம்பின் என்ற பிரேக் புரதம் இருக்கிறது. ஹெப்பாரின் அதைப் பிடித்து அதன் வேகத்தைச் சுமார் ஆயிரம் மடங்கு கூட்டிவிடுகிறது. நரம்பில் ஏற்றினால் உடனே வேலை செய்யும். சிக்கல் என்னவென்றால், கண்ட புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளும். காய்ச்சல், கிருமித்தொற்று நேரத்தில் அந்தப் புரதங்கள் கூடுவதால் ஒரே அளவு மருந்து ஆளுக்கு ஆள் வேறு மாதிரி நடக்கும். அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. எனாக்ஸாபாரின் மாதிரி சிறிய மூலக்கூறு ஹெப்பாரின் ஊசிகள் இப்படி அதிகம் ஒட்டுவதில்லை. உடல் எடையைப் பார்த்துப் போட்டாலே பெரும்பாலும் போதும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் கவனம் வேண்டும்.

வார்ஃபரினின் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்கியது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும், கெட்டுப்போன ஸ்வீட் க்ளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. 1933இல் ஒரு விவசாயி உறையாத ரத்தத்தைப் பால் கேனில் எடுத்துக்கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டார். அங்கே கார்ல் லிங்க் குழு தொடங்கிய தேடலில் இருந்து வந்த வார்ஃபரின், முதலில் எலி மருந்தாகத்தான் விற்பனையானது. 1954இல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது.

இது ரத்தத்தில் ஏற்கெனவே ஓடும் உறைதல் புரதம் எதையும் தொடாது. கல்லீரலில் 2, 7, 9, 10 ஆகிய காரணிகளுக்கு வைட்டமின் கே செய்யும் கடைசி வேலையைக் கெடுக்கும், அவ்வளவுதான். பழைய சரக்கு தீரும்வரை காத்திருக்க வேண்டும். காரணி 7 சில மணி நேரத்தில் குறையும்; காரணி 2 குறைய நாட்கள் ஆகும். ஐஎன்ஆர் (ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) சீக்கிரம் ஏறுவது முக்கியமாக 7 குறைவதால். அந்த எண்ணைப் பார்த்து, கூடவே போடும் ஹெப்பாரின் ஊசியை உடனே நிறுத்தினால் ஆபத்து, ஏனென்றால் உறைதலை அடக்கும் புரோட்டீன் சி-யும் வைட்டமின் கே-யை நம்பியதுதான், அதுவும் முதல் நாட்களிலேயே சரிகிறது. ஆக, ஆரம்பத்தில் வார்ஃபரின் மட்டும் கொடுத்தால் உறையும் போக்கு கூடவும் செய்யலாம். ரத்தக்கட்டு உள்ளவர்களுக்குக் குறைந்தது ஐந்து நாள் ஹெப்பாரினும் சேர்த்துக் கொடுப்பது இதற்காகவே.

இன்னொன்று, வார்ஃபரினில் சுமார் 99 சதவீதம் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டிக் கிடக்கும். மிச்சம் ஒரு சதவீதம்தான் வேலை செய்கிறது. ஆல்புமின் குறைந்த நோயாளிக்கு வழக்கமான அளவே அதிகமாகிவிடலாம். கீரையில் வைட்டமின் கே இருப்பதால் நம்மூரில் அதைப் பற்றி ஒரு பயம் உண்டு. அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று இருப்பதுதான் ஐஎன்ஆரை ஆட்டிவைக்கும்.

புது மாத்திரைகள் நேராகப் போய்ப் பிடிக்கும். டாபிகாட்ரான் திராம்பினை, ரிவராக்ஸபான், அபிக்ஸபான் காரணி 10-ஐ. சில மணி நேரத்தில் பலன், வழக்கமான ஐஎன்ஆர் சோதனை வேண்டாம், வார்ஃபரினைவிட மூளையில் ரத்தக்கசிவும் குறைவு. வால்வு கோளாறு இல்லாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது), காலில் ரத்தக்கட்டு இவற்றுக்கு நான் இவற்றைத்தான் முதலில் வைப்பேன். டாபிகாட்ரானில் சுமார் 80 சதவீதம் சிறுநீரகம் வழியே போகிறது, அபிக்ஸபானில் கால் பங்குதான். வயதானவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஆனால் வேளை தவறினால் பாதுகாப்பும் சட்டென்று போய்விடும். வார்ஃபரின் அந்த மறதியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

உலோக வால்வு வைத்தவர்களுக்குப் பேச்சே இல்லை, வார்ஃபரின் வகைதான். டாபிகாட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ரத்தக்கட்டும் கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள். 2013இல் முடிவு வெளியானது. வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டவர்கள் இந்தியாவில் நிறையப் பேர். அவர்களில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்விலும் (2022) ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு குறைவு.

உலோக வால்வோடு ஒரு பெண் கர்ப்பமானால்தான் எதுவும் முழுசாகக் கைகொடுப்பதில்லை. வார்ஃபரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையைப் பாதிக்கும். ஹெப்பாரின் தாண்டாது, ஆனால் வால்வை அந்த அளவுக்குக் காக்காது. புது மாத்திரைகள் கணக்கிலேயே இல்லை. கர்ப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து மாற்றி மாற்றிக் கொடுத்துத்தான் மருத்துவர்கள் சமாளிக்கிறார்கள்.