பர்கண்டியா, அல்சாஸா, வான்தூ அடிவாரமா: ரோடு பைக்குக்கு ஏற்ற திராட்சைச் சாலை எது?

பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்ட நினைப்பவர்கள் முதலில் தேடுவது ‘ஒயின் ரூட்’ என்று பழுப்புப் பலகை நட்ட சாலையைத்தான். சிக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது. அந்தப் பலகை காரில் வருகிறவர்களுக்காக வைத்தது. அமைதியான சாலை பெரும்பாலும் அதிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி, கொடிகளுக்குள்ளேயே ஓடும். அப்படிப்பட்ட சாலை எந்தப் பகுதியில் எவ்வளவு கிடைக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் இந்த மூன்றையும் எடை போட வேண்டும். ஒயினின் தரத்தை வைத்து அல்ல.

பர்கண்டி

திஜோனிலிருந்து தெற்கே இறங்கும் டி974 சாலையைச் சைக்கிளில் தொட வேண்டிய அவசியமே இல்லை. நேரான சாலை, வேகமான வண்டிகள், லாரிகள். அதற்கு மேற்கே, சரிவின் அடியை ஒட்டி ஜெவ்ரே-ஷாம்பெர்தேனிலிருந்து வூஜோ வரை போகும் டி122 வேறு உலகம். அதற்கும் தெற்கே, போன் நகரிலிருந்து (நம் காதுக்குத் தொலைபேசிதான் நினைவுக்கு வரும்) சான்தனே வரை ‘வ்வா தே வீன்ய்’ என்ற சைக்கிள் பாதை சுமார் 22 கி.மீ. ஓடுகிறது. பொமார், வொல்னே, மெர்சோ என்று லேபிளில் மட்டும் படித்த ஊர்களெல்லாம் வரிசையாக வரும்.

ஆனால் பெயரில் பாதை என்றிருப்பதால் வழவழப்பான தார் என்று எண்ண வேண்டாம். பல துண்டுகள் தோட்டத்து டிராக்டருக்காகப் போட்ட சிமென்ட் வழி. சரிவில் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமலிருக்க, வழியின் குறுக்கே சாய்வாக வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். இறக்கத்தில் 30 கி.மீ. வேகத்தில் வந்து அதில் விட்டால், டயர் நசுங்கி உள்ளே இருக்கும் ட்யூப் ரிம்மில் கடிபடும். கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்தது போல அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை இருக்கும். 25 மி.மீ. டயரைக் குறைந்த காற்றில் ஓட்டுபவர்களுக்கு இது நிச்சயம். 28 மி.மீ. டயர் போடுங்கள். 70 கிலோ எடை இருப்பவருக்குப் பின்னால் 75, முன்னால் 70 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். வாய்க்காலைக் கண்டதும் பிரேக்கைத் தளர்த்தி, இருக்கையிலிருந்து லேசாக எழுந்து, சக்கரம் அதற்கு நேர்குறுக்காக வரும்படி திருப்பிக் கடக்க வேண்டும்.

பர்கண்டி மற்ற இரண்டையும் முந்துவது பின்னால் இருக்கும் மேட்டால். போனிலிருந்து பொமார், வொல்னே, மெர்சோ, ஓக்ஸே-துரெஸ் வழியாக சேன்-ரோமேனுக்கு ஏறி, பாறைச் சுவரை ஒட்டி ஓர்ஷ் போய், போபிஞி, லா ரோஷ்போ, நோலே, சான்தனே என்று சுற்றி, சைக்கிள் பாதையிலேயே போன் திரும்பலாம். மொத்தம் 55 முதல் 60 கி.மீ. ஏறக்குறைய 220 மீட்டர் உயரத்தில் தொடங்கி 500-ஐ ஒட்டி வந்து இறங்குவீர்கள். வேலை நாளில் சேன்-ரோமேனுக்கு மேலே கார் வருவது அபூர்வம். மிதியோடு சுழலும் முன் பல்சக்கரத்தில் 34 பல்லும், பின் பல்சக்கரத்தில் 30 அல்லது 32 பல்லும் இருந்தால் யாரும் இறங்கித் தள்ள வேண்டியதில்லை.

போய்ச் சேர்வதும் எளிது. பாரிஸிலிருந்து திஜோனுக்கு டிஜிவி எனும் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். டிஜிவியில் சைக்கிளுக்கு முன்பதிவு வேண்டும், அல்லது கழற்றிப் பையில் அடக்க வேண்டும். அங்கிருந்து போனுக்கு டிஇஆர் எனும் உள்ளூர் ரயில்.

அல்சாஸ்

மார்லென்ஹைமிலிருந்து ‘தான்’ (Thann) என்ற ஊர் வரை சுமார் 135 கி.மீ. நீளும் ‘வெலோரூட் து வின்யோப்ல்’ மூன்றிலும் நன்றாகப் பலகை வைத்த பாதை. வரைபடம் இல்லாமலே போகலாம். கோல்மார் பிரான்ஸிலேயே மழை குறைந்த நகரங்களில் ஒன்று. வோஜ் மலை மேற்கிலிருந்து வரும் மேகத்தைத் தடுத்துவிடுகிறது. ஒபெர்நே, ரிபோவிலே, ரிக்விர், கைசர்ஸ்பெர்க் என்று சில கிலோமீட்டருக்கு ஓர் ஊர் வருவதால் ரொட்டிக்கும் தண்ணீருக்கும் பஞ்சமில்லை.

இல்லாதது அமைதிதான். கோடை வார இறுதியில் ரிக்விர் தெருவில் சைக்கிளைக் கையில் பிடித்து நடப்பதே வேலையாகிவிடும். ஊருக்குள் கல் பாவிய தெருக்கள். நனைந்தால் வழுக்கும், வளைவில் பிரேக் பிடித்தால் விழுவீர்கள். காலை ஒன்பதுக்குள் இந்த ஊர்களைக் கடந்துவிட வேண்டும்.

கால் வலு உள்ளவர்களுக்கு ஒரு மாற்று உண்டு. ரிபோவிலேயிலிருந்து டி416-ல் காட்டுக்குள் ஏறி, சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓபூர் கிராமத்துக்குத் திரும்பி, ஃப்ரெலாண்ட் வழியாகக் கைசர்ஸ்பெர்க்கில் இறங்கி, ரிக்விரைத் தொட்டு வந்தால் 40 கி.மீ. சுற்று. கொடிகளை விட்டு ஊசியிலை மர நிழலுக்குப் போய் மீண்டும் கொடிகளுக்குள் விழுவது இதன் சுகம். ஞாயிறு வேண்டாம், அன்று வோஜ் வளைவுகள் மோட்டார் பைக்காரர்களுடையவை. புனித வெள்ளியும் டிசம்பர் 26-ம் இங்கே பொது விடுமுறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரான்ஸின் பெரும்பாலான இடங்களில் திறந்திருக்கும் கடை இங்கே மூடியிருக்கும்.

வான்தூ அடிவாரம்

1,900 மீட்டரைத் தாண்டும் வான்தூ மலையை விட்டுவிடுவோம், அது தனிக் கணக்கு. அதன் மேற்கே பல் பல்லாக நிற்கும் ‘தான்தெல் த மோன்மிராய்’ சுண்ணாம்புப் பாறைகளைச் சுற்றி வருவதுதான் இங்கே பேச்சு. வேஸோன்-லா-ரோமேன், செகுரே, சாப்லே, ஜிகோந்தாஸ், வாக்கேராஸ், போம்-த-வெனீஸ், பிறகு டி90-ல் லஃபார், சுஸெத், மலோசேன், மீண்டும் வேஸோன். 50 முதல் 60 கி.மீ. காட்சிக்கு மூன்றில் இதுவே முதலிடம். டி90 இரண்டு வண்டி சிரமப்பட்டு விலகும் அகலம்தான், ஆனால் வண்டியே குறைவு.

கெடுப்பவை இரண்டு. ஒன்று, வடக்கிலிருந்து ரோன் பள்ளத்தாக்கில் அடிக்கும் மிஸ்த்ரால் காற்று. அதனால் சுற்றை மேலே சொன்ன திசையிலேயே போக வேண்டும். திறந்த வெளியான மேற்குப் பக்கத்தில் காற்று முதுகைத் தள்ளும். வடக்கே திரும்பும்போது பாறைகளும் மேடுகளும் ஓரளவு மறைத்துக்கொள்ளும். எதிர்த்திசையில் போனால் கடைசி 20 கி.மீ. முழுக்க முகத்தில் அறையும். பக்கவாட்டில் வீசும் நாளில் உயரமான ரிம் உள்ள சக்கரம் ஆபத்து.

இரண்டாவது நமக்குப் பழகிய எதிரி, நெருஞ்சி. அதே செடிதான், மத்தியதரைக் கடலோரத்திலும் முளைக்கிறது. கோடை முடிவில் சாலையோர மண்ணில் சைக்கிளைச் சாய்த்து வைத்தாலே டயரில் நான்கைந்து முள் ஏறும். ட்யூப்லெஸ் டயரில், ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றியிருந்தால் கவலையில்லை. ட்யூப் என்றால் இரண்டு உபரி, ஒட்டுப் பெட்டி, காற்றடிக்கும் பம்ப் மூன்றும் வேண்டும். முள்ளைப் பிடுங்காமல் புது ட்யூப் போட்டால் அடுத்த கிலோமீட்டரில் அதுவும் போகும். டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வேஸோனுக்கு ரயிலும் கிடையாது. அவின்யோன் டிஜிவி நிலையத்திலிருந்து டிஇஆர்-ல் கார்பான்த்ராஸ் வந்து அங்கிருந்து மிதிக்க வேண்டும்.

முதல் பயணம் என்றால் போன்தான். குடும்பத்தோடு, நடுவே நடுவே ஊர் பார்த்துக்கொண்டு என்றால் அல்சாஸ். ஏற்றம் பிடித்தவர்கள் மே அல்லது அக்டோபரில் வேஸோன் போகட்டும். ஜூலை மதியம் அங்கே ஓட்டுவது தண்டனை.

எங்கே போனாலும்

செப்டம்பர் அறுவடையில் டிராக்டர் சக்கரத்திலிருந்து உதிரும் களிமண், ஒரு தூறலில் சோப்பாகிவிடும். ‘கிராவியோன்’ என்ற பலகை கண்டால் புதிதாகத் தூவிய ஜல்லி. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். கிராமத்துக்குள் பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை, அது சந்துக்குள்ளிருந்து வரும் டிராக்டராக இருந்தாலும் சரி.

மதியம் பன்னிரண்டரைக்கு மேல் கிராமக் கடைகள் சாத்திவிடும், திங்களன்று பல ரொட்டிக் கடைகள் திறப்பதேயில்லை. தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிக்கு ஊற்ற அநேகமாக எல்லாவற்றிலும் குழாய் இருக்கும். ‘நோன் பொதாப்ல்’ என்று எழுதியிருந்தால் மட்டும் தலையில் ஊற்றிக்கொண்டு நகருங்கள், குடிக்க வேண்டாம்.

ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு சைக்கிள்காரருக்கும் உண்டு. ஒயின் கிடங்கில் சுவை பார்த்துவிட்டுத் துப்ப வாளி வைத்திருப்பார்கள், துப்புவதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை. பிடித்த பாட்டிலின் பெயரைக் குறித்துக்கொண்டு, சைக்கிளைப் பையில் கட்டும் நாளில் போய் வாங்குங்கள். ஜெர்சிப் பையில் 750 மில்லி கண்ணாடியோடு வாய்க்கால் தாண்டுவது நல்லதல்ல.