பைக்கால் ஏரியில் புகான்கா சவாரி: காட்சிக்கு ஐந்து, பாதுகாப்புக்கு இரண்டு

சைபீரியாவின் பைக்கால் ஏரி உறைந்தபின், ஓல்கோன் தீவின் குஜிர் ஊரிலிருந்து தீவின் வடக்கு நுனியான கோபாய்க்கு ஐஸ்மீது ஒருநாள் வேன் சுற்றுலா நடக்கிறது. வண்டி, 1965 முதல் உருவம் பெரிதாக மாறாத ‘உவாஸ்’ (UAZ) என்ற ரஷ்ய வேன். ரொட்டி போல இருப்பதால் ‘புகான்கா’ என்று செல்லப்பெயர். என்ஜின் முன்னிருக்கைகளுக்கு நடுவே இருப்பதால் முன்னால் உட்காருபவருக்குக் கால் வேகும், பின்னால் இருப்பவருக்கு விரல் விறைக்கும். மூச்சுக்காற்று ஜன்னலில் உறைந்துவிடும். சுரண்ட ஒரு பழைய ஏடிஎம் கார்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காட்சிக்குக் குறையே இல்லை. காற்று பனித்தூளை வாரிக்கொண்டு போய்விடுவதால் ஐஸ் கருநீலக் கண்ணாடியாகத் தெரியும். உள்ளே வெள்ளை விரிசல்கள் ஆழத்துக்கு இறங்கும். ஏரி உறையுமுன் அலை தெறித்துப் பாறையில் ஒட்டிய நீர் குகைகளில் ஈட்டி ஈட்டியாகத் தொங்கும். மதியச் சாப்பாடு ‘உகா’ என்ற மீன் சூப். சூடாக இருக்கும், அவ்வளவுதான்.

மதிப்பெண் போவது பாதுகாப்பில். கார் தாங்க 30 செ.மீ. ஐஸ் போதும் என்பது கணக்கு. மார்ச்சில் அது ஒரு மீட்டரை நெருங்கும். ஆனால் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. இரவுக் குளிரில் ஐஸ் சுருங்கிப் பிளக்கும், நேற்றைய தடம் இன்று வாய் திறந்து கிடக்கும். ஏரிக்குள் நீளும் நிலமுனைகளை ஒட்டி நீரோட்டமும், அடியிலிருந்து எழும் வாயுவும் ஐஸைக் கீழிருந்தே அரிக்கும். மேலே பனி மூடியிருந்தால் யாருக்கும் தெரியாது. வேகமும் ஆபத்து: ஐஸுக்கு அடியில் எழும் நீரலை வண்டியோடு ஓடி ஐஸை வளைத்து உடைக்கும்.

பெருநிலத்திலிருந்து தீவுக்குப் போடும் அரசு ஐஸ் சாலையில் தடிமன் அளக்கிறார்கள். வேகம் மணிக்கு 10 கி.மீ., சீட் பெல்ட் போடக்கூடாது. அந்தச் சாலையை விட்டு ஐஸில் வண்டி ஓட்டுவதற்கே தடை உண்டு. கோபாய்ப் பாதையை விற்பவர் இதைத் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நல்ல ஓட்டுநரை விரிசல் வரும்போது கண்டுபிடிக்கலாம்: இறங்குவார், கடப்பாரையால் குத்திப் பார்ப்பார், தேவைப்பட்டால் எல்லோரையும் இறக்கி நடக்க வைப்பார். விரிசல்மேல் வண்டியைப் பாயவிடப் பார்ப்பவரோடு போகாதீர்கள். காசு கூடினாலும் ‘கீவுஸ்’ எனும் காற்றுமெத்தைப் படகு கிடைத்தால் அதுவே மேல். ஐஸ் உடைந்தாலும் தண்ணீரில் மிதக்கும். இரைச்சல் காதைப் பிளக்கும், நிமிர்ந்து நிற்கும் ஐஸ் பலகைகளைச் சுற்றித்தான் போகும்.

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை போகலாம். அதன்பின் வெயில் ஐஸை ஊசி ஊசியாகப் பிரித்துவிடும், தடிமனை நம்ப முடியாது. ‘சர்மா’ என்ற இந்தப் பக்கத்துப் புயல்காற்று வீசும் நாளில் சவாரி ரத்தானால் பணம் திரும்புமா என்று முன்பே கேளுங்கள். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டை இல்லாமல் இறங்கினால் முதல் அடியிலேயே விழுவீர்கள். கேமரா பேட்டரியை உள்சட்டைப் பையில் வையுங்கள். அறைக்குள் நுழையுமுன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, சூடேறும்வரை திறக்காதீர்கள்; இல்லையென்றால் லென்ஸுக்குள் நீர் கோத்துவிடும்.