வார்ஃபரினா, டபிகாட்ரானா: மூளைச் சிரை உறைவுக்குப் பின் எந்த மாத்திரை?

மூளைச் சிரையில் இரத்தம் உறைந்தவர்களுக்கு முதல் நாட்களில் உறைவைத் தடுக்கும் ஹெபரின் ஊசி போடுவதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஸ்கேனில் இரத்தக்கசிவு தெரிந்தாலும், அடைபட்ட சிரையில் ஏறும் அழுத்தமே பெரும்பாலும் அதற்குக் காரணம் என்பதால் ஹெபரினைத் தவிர்ப்பதில்லை. அதன்பின் 3 முதல் 12 மாதங்கள் வரை உறைவைத் தடுக்கும் வார்ஃபரின், டபிகாட்ரான் ஆகிய மாத்திரைகளில் எதை விழுங்குவது என்பதில்தான் தேர்வு இருக்கிறது. எனக்கு அந்த நிலை வந்தபோது மருத்துவருடன் பேசி டபிகாட்ரானைத் தேர்ந்தேன். இன்றும் என் சாய்வு அந்தப் பக்கமே.

விலையில் வார்ஃபரின் மலிவு. நாளுக்கு ஒரு வேளை போதும். டபிகாட்ரானை இரு வேளை எடுக்க வேண்டும், சிலருக்கு வயிற்றெரிச்சலும் தரும். இவை எனக்குப் பெரிதாகப் படவில்லை.

முடிவைத் தீர்மானித்தது, இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று பரிசோதனையில் காட்டும் ஐ.என்.ஆர். என்ற ஒற்றை எண். வார்ஃபரின் எடுப்பவருக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். கீழே இறங்கினால் உறைவு திரும்பக்கூடும், 4-ஐத் தாண்டினால் மூளைக்குள் கசிவதற்கான அபாயம் வேகமாக ஏறும். இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யைத் தடுத்து வேலை செய்யும் மருந்து என்பதால், கீரை உண்ணும் அளவு மாறினாலும், காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எடுத்தாலும், மது அருந்தினாலும் அந்த எண் நகர்ந்துவிடும். ஏற்கெனவே ஒருமுறை கசிந்த மூளையை வைத்துக்கொண்டு, இரண்டு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட நாட்களில் அந்த எண் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் வாழ்வதை நான் விரும்பவில்லை.

டபிகாட்ரானுக்கு இந்தத் தொடர் கண்காணிப்பு தேவையில்லை, ஐ.என்.ஆர். அதன் வீரியத்தைச் சரியாகக் காட்டவும் செய்யாது. பார்க்க வேண்டியவை சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ஹீமோகுளோபின், தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகியவையே. மருந்தின் பெரும்பகுதி சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், அது பழுதுபட்டிருந்தால் மருந்து உடலில் தேங்கிக் கசிவு அபாயம் கூடும். டி-டைமர் என்பது உறைவு நோயைக் கண்டறிய உதவும் ஓர் இரத்தப் பரிசோதனைக் குறியீடு. அதை வைத்துக் கசிவு அபாயத்தை அளப்பது சரியல்ல என்றே நினைக்கிறேன்.

2019-இல் வெளிவந்த ரீ-ஸ்பெக்ட் சி.வி.டி. ஆய்வில் 120 பேர் இவ்விரு மருந்துகளுக்கும் பிரித்துவிடப்பட்டனர். எவருக்கும் உறைவு திரும்பவில்லை, பெருங்கசிவு டபிகாட்ரானில் ஒருவருக்கும் வார்ஃபரினில் இருவருக்கும் நேர்ந்தது. இவ்வளவு சிறிய எண்ணிக்கையைக் கொண்டு ஒன்று மற்றதைவிடப் பாதுகாப்பானது என்று சாதிக்க முடியாது. 2022-இன் ஆக்ஷன்-சி.வி.டி. 845 பேரின் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்து, டபிகாட்ரான் போன்ற, உறைய வைக்கும் காரணியை நேரடியாகத் தடுக்கும் ‘நேரடி மருந்துகளில்’ பெருங்கசிவு குறைவு என்றது. ஆனால் அது நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வன்று. ஒரு நோயாளியாக நான் அறிந்தது ஒரு மருந்தை மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஓரிடத்தில் என் சாய்வு செல்லாது. உறைவைத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருட்களின் மூன்று வகையும் இரத்தத்தில் இருப்பவர்களுக்கு நேரடி மருந்துகளில் உறைவு திரும்பும் அபாயம் கூடுதல், அவர்களுக்கு ஐ.என்.ஆர். தொல்லையோடும் வார்ஃபரினே உரியது. அந்தப் பரிசோதனையை 12 வாரங்கள் கழித்து மீண்டும் செய்துதான் உறுதிப்படுத்துவார்கள் என்பதால், மாத்திரையைத் தொடங்கிய பிறகும் தேர்வு மாறக்கூடும்.